மகன் சொல்வதா, மாப்பிள்ளை சொல்வதா?

கேள்வி: நான் மயிலாடுதுறைப் பக்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியன். போன வாரம் ஒரு கம்பெனி புது டேப் ஒன்றை அறிவித்தது. 11 அங்குலத் திரை, விலை 11,999 ரூபாயிலிருந்து ஆரம்பம் என்கிறார்கள். கூடவே டிவியில் செருகிப் படம் பார்க்கிற ஸ்டிக் ஒன்றும் வருகிறதாம். அன்று ராத்திரியே சென்னையிலிருந்து மகன் போன் செய்தான். "அப்பா, இந்த விலைக்கு இனி வராது. உடனே புக் பண்ணிடுங்க" என்றான். மறுநாள் காலையில் மாப்பிள்ளை: "மாமா, அவசரப்படாதீங்க. 4 ஜிபி ரேம்ல ஒண்ணும் ஓடாது. ஆறே மாசத்துல பரண்ல ஏத்திடுவீங்க." இரண்டு பேருமே அந்தச் சாமானைக் கண்ணால் பார்த்ததில்லை! என் மனைவிக்கு சீரியல், எனக்குப் பத்திரிகையும் பழைய படங்களும், லீவுக்கு வரும் பேத்திக்கு (எட்டாம் வகுப்பு) பாடம். இவ்வளவுதான் தேவை. டிவி 2017-ல் வாங்கிய 43 அங்குல ஃபுல் எச்டி ஸ்மார்ட் டிவி. இப்போது அதில் பாதி ஆப் திறப்பதே இல்லை. யார் பேச்சைக் கேட்பது?

பி.கு.: டவுனில் ஒரு கடையில் 3,000 ரூபாய்க்கு ஒரு பாக்ஸ் விற்கிறார்கள். எல்லா சேனலும், எல்லாப் புதுப் படமும் ஆயுள் முழுக்க இலவசமாம். அதை வாங்கலாமா?

- ஒரு வாசகர், மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: ஐயா, உங்கள் மகனும் மாப்பிள்ளையும் சண்டை போடவில்லை. ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள். "இந்த விலைக்கு இது நல்ல சாமானா?" என்பது மகன் மனதில் உள்ள கேள்வி. "எத்தனை நாள் தாங்கும்?" என்பது மாப்பிள்ளையுடையது. மலிவுக் கருவி ஒன்று அறிவிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஜனங்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிகிறார்கள். நானும் பதினைந்து வருஷமாகப் பார்க்கிறேன். முதல் கேள்விக்கு ஜனங்கள் அறிவிப்பன்றே சொல்லும் பதில் பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு அன்றைக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. மாப்பிள்ளையாலும்தான்.

2012 ஜூன் 27-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மேடையில் கூகுள் இரண்டு சாமான்களைக் காட்டியது. ஒன்று, அசுஸ் கம்பெனி செய்துகொடுத்த நெக்சஸ் 7 என்ற ஏழு அங்குல டேப். விலை 199 டாலர். இன்னொன்று, நெக்சஸ் கியூ என்ற கறுப்பு உருண்டை. டிவியிலும் ஸ்பீக்கரிலும் இணைத்துப் பாட்டு, படம் போடுவதற்கு. அதன் விலை 299 டாலர். டேப்புக்கு ஒரே கைதட்டல். நான்கு கோர் பிராசசர், 1280-க்கு 800 புள்ளித் திரை, அதுவும் 200 டாலருக்குள் என்றால் யார்தான் வாயைப் பிளக்க மாட்டார்கள்? மெமரி கார்டு போட இடமில்லை, பின்பக்கம் கேமரா இல்லை, 8 ஜிபி எந்த மூலைக்கு என்ற முணுமுணுப்பும் கேட்டது. ஆனாலும் வாங்கினார்கள். 16 ஜிபி மாடல் சீக்கிரமே கடைகளில் தீர்ந்துபோனது.

உருண்டைக்குக் கிடைத்த வரவேற்பு வேறு. அன்று ஆப்பிளின் டிவிப் பெட்டி 99 டாலர். ரோக்கு என்ற இன்னொரு பெட்டி அதற்கும் கீழே கிடைத்தது. அவற்றில் நெட்ஃபிளிக்ஸ் ஓடும். 299 டாலர் உருண்டையில் ஓடாது. கூகுள் விற்கும் பாட்டும் படமும், போனால் போகிறதென்று யூடியூபும்தான் அதில் வரும். இயக்குவதற்கு ஆண்ட்ராய்டு போனோ டேப்போ கையில் இருந்தாக வேண்டும். பார்க்க லட்சணம்தான், ஆனால் எதற்கு இது என்று வாங்குகிறவர்கள் கேட்டார்கள். ஐந்தே வாரத்தில் கூகுள் விற்பனையைத் தள்ளிவைத்தது. முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகவே அனுப்பிவைத்துவிட்டது. அப்புறம் அந்த உருண்டை கடைக்கு வரவேயில்லை. ஜனங்களின் முதல் நாள் தீர்ப்பு இவ்வளவு பச்சையாகப் பலித்த சம்பவம் இந்தத் துறையில் குறைவு.

அடுத்த வருஷம் ஜூலை 24-ஆம் தேதி அதே கூகுள் பாடம் படித்துக்கொண்டு வந்தது. விரல் நீளத்தில் ஒரு சாதனம், பெயர் குரோம்காஸ்ட், விலை 35 டாலர். நெட்ஃபிளிக்ஸும் உண்டு. மூன்று மாத நெட்ஃபிளிக்ஸ் சந்தா இலவசம் என்றார்கள். கூட்டம் மொய்த்ததில் ஒரே நாளில் அந்தச் சலுகையை நிறுத்த வேண்டியதாயிற்று. நம் ஊருக்கு அது 2014 டிசம்பரில்தான் வந்தது, 2,999 ரூபாய் விலையில்.

ஆக, விலைக்கு ஏற்ற பயன் உண்டா என்று எடை போடுவதில் வாங்குகிறவர்கள் கெட்டிக்காரர்கள். சந்தையில் கத்தரிக்காயைத் திருப்பிப் பார்க்கிற அதே கண். ஆனால் கத்தரிக்காயில் பூச்சி உள்ளே இருந்தால்?

அதே நெக்சஸ் 7-க்குத் திரும்புவோம். சில மாதங்கள் போன பிறகு, சேமிப்பு இடம் நிறைய நிறைய அது இழுக்க ஆரம்பித்தது. தொட்டால் யோசித்துவிட்டுத்தான் நகரும். அழித்த இடத்தைச் சுத்தம் செய்து மறுபடி பயன்படுத்தும் வேலையை அந்த ஆண்ட்ராய்டு ஒழுங்காகச் செய்யவில்லை. 2013-ல் வந்த 4.3 பதிப்பில் அதைச் சரிசெய்தார்கள். 2014 கடைசியில் 5.0 பதிப்பு வந்ததும் பழைய நெக்சஸ் 7 மறுபடி நொண்டியது. கைதட்டியவர்களே திட்டினார்கள். அவர்கள் கைதட்டியதும் பொய்யில்லை, திட்டியதும் பொய்யில்லை. நடுவில் இரண்டு வருஷம் ஓடியிருந்தது, அவ்வளவுதான்.

மாணவர்களுக்காக அரசு கொண்டுவந்த நம் ஆகாஷ் டேப்பை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடத்தில் இருந்தவர் ஆயிற்றே. 2011 அக்டோபர் 5-ஆம் தேதி டெல்லியில் அன்றைய மத்திய அமைச்சர் கபில் சிபல் அறிமுகப்படுத்தினார். டேட்டாவிண்ட் கம்பெனியிடமிருந்து அரசு ஒன்றை 2,276 ரூபாய்க்கு வாங்கியது. உலகத்திலேயே மலிவான டேப் என்று வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை எழுதின. உள்ளே இருந்தது 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 எம்பி ரேம். திரையோ விரலால் தடவினால் நகராது, அழுத்த வேண்டும். பழைய ஏடிஎம் பொத்தானை அழுத்துகிற மாதிரி நகத்தை வைத்து அழுத்தினவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் கழித்து, 2012 நவம்பர் 11-ல், ஆகாஷ் 2 வந்தபோது தொட்டால் நகரும் திரை, 1 கிகாஹெர்ட்ஸ் பிராசசர், இரட்டிப்பு ரேம் என்று மாற்றியிருந்தார்கள். அதற்குள் பெயர் கெட்டுவிட்டது. முதல் நாள் 'இந்த விலைக்கா!' என்று வியந்த வாயே பிறகு 'இந்த விலைக்கு இவ்வளவுதான்' என்றது. என்னைக் கேட்டால், அந்த முயற்சியைக் கேலி செய்தவர்கள் கொஞ்சம் அதிகமாகவே செய்தார்கள். அது தனிக் கதை.

மலிவு எப்படி மலிவாகிறது என்று தெரிந்துகொண்டால் மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் நீங்களே பதில் சொல்லலாம். இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, சாமானில் லாபம் பார்க்காமல் விற்றுவிட்டு, பிறகு வசூலிப்பது. அமேசான் 2015-ல் 49.99 டாலருக்கு ஃபயர் டேப் விட்டது. ஐந்து வாங்கினால் ஆறாவது சும்மா என்று, முட்டை விற்கிற மாதிரி ஆறு அடுக்கிய பெட்டியாகவும் கொடுத்தது. பூட்டிய திரையைத் திறக்கும் முன் ஒரு விளம்பரம் பல்லைக் காட்டும். அது வேண்டாமென்றால் 15 டாலர் கூடுதல். கருவியை அடக்க விலைக்கே விற்கிறோம், அதில் ஆட்கள் வாங்கும் புத்தகமும் படமும்தான் எங்களுக்கு வருமானம் என்று அமேசானை நிறுவிய ஜெஃப் பெசோஸே 2012-ல் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். ரோக்குவின் கணக்கும் இதே ரகம்தான். விளம்பரத்திலும் சந்தா பங்கிலும் சம்பாதிக்கிறது, பெட்டி விற்பனையில் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்கிறது. ஆகவே ஸ்டிக் மலிவாக இருக்கிறதே என்று சந்தேகப்பட வேண்டியதில்லை. முகப்புத் திரையில் விளம்பரம் வரும். நாடகத்துக்கு நடுவே சோப்பு விளம்பரம் பார்த்துப் பழகிய வீட்டுக்கு அது பெரிய பாரமில்லை.

இரண்டாவது வழிதான் வம்பு. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் செலவழித்து, தெரியாத இடத்தில் சுருட்டுவது. பெரிய திரை, உலோக முதுகு, நான்கு ஸ்பீக்கர், பெரிய பேட்டரி எல்லாம் விளம்பரத்தில் வரும். சேமிப்பு எந்த வகை என்று வராது. மலிவு டேப்களில் ஈஎம்எம்சி வகையைப் போடுவார்கள், கொஞ்சம் விலை கூடியவற்றில் யூஎஃப்எஸ். முதலாவது ஒற்றைவழிப் பாலம் மாதிரி. இந்தப் பக்கத்து வண்டி போய் முடிந்தால்தான் அந்தப் பக்கத்து வண்டி வரும். எழுதும்போது படிக்க முடியாது, படிக்கும்போது எழுத முடியாது. இரண்டாவதில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். ஒரு ஆப் பின்னால் அப்டேட் ஆகிக்கொண்டிருக்கும்போது உங்கள் பேத்தி முன்னால் பாடம் திறந்தால் டேப் திணறுவது இதனால்தான். ரேம் குறைந்தால் இந்தத் திணறல் இன்னும் கூடும்.

இதில் "4+4 ஜிபி ரேம்" என்று ஒரு வித்தை வேறு. பின்னால் இருக்கும் 4 ஜிபி, அந்த மெதுவான சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது. கடன் கடன்தான், சம்பளம் ஆகாது. ஆக, மாப்பிள்ளை 4 ஜிபியைக் கண்டு பயப்படுவது நியாயம். ஒன்றுமே ஓடாது என்பது மட்டும் மிகை. ஒரே ஒரு ஆப்பைத் திறந்து சீரியல் பார்க்க 4 ஜிபி இன்றைக்குப் போதும். மூன்று வருஷம் கழித்து அதே ஆப் பெருத்துப்போய் வரும், அப்போது போதாது.

திரைப் புள்ளிகளையும் விளம்பரம் சிறிய எழுத்தில்தான் போடும். 11 அங்குலத்தில் 1280-க்கு 800 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 137 புள்ளி. பத்திரிகையின் பொடி எழுத்து பிசிறடிக்கும், உங்கள் வயதுக் கண்ணுக்கு எரிச்சல் வரும். 1920-க்கு 1200 என்றால் 206 வரும், எழுத்து நறுக்கென்று நிற்கும். 2012-ல் வந்த அந்த நெக்சஸ் 7-லேயே 216 புள்ளி இருந்தது என்பதை நினைத்தால் சில புது டேப்களைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொரு மறைவிடம் இருக்கிறது, இதில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். படம் காட்டும் கம்பெனிகள் திருட்டுப் பிரதி எடுக்காமல் இருக்க ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். வைட்வைன் என்று பெயர். அதில் எல்1 அனுமதி பெற்ற டேப் என்றால் நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் வரும். எல்3 மட்டும் என்றால் திரை எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் பழைய விசிடி மாதிரி மங்கலாகத்தான் வரும். வாங்கிய அன்றே நெட்ஃபிளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸில் பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன் என்ற இடத்தில் பாருங்கள், எல்1-ஆ எல்3-ஆ என்று அதுவே சொல்லும். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பார்த்துவிட வேண்டும். அதோடு, நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய் மொபைல் சந்தா டேப்பிலும் போனிலும்தான் வேலை செய்யும், அதுவும் 480 வரிசைத் தரத்தில். எல்1 இருந்தும் மங்கலாக வந்தால் சந்தாவைப் பாருங்கள், டேப்பைத் திட்டாதீர்கள். அதே சந்தாவை வைத்துக்கொண்டு ஸ்டிக் வாங்கி டிவியில் பார்க்கலாம் என்று நினைத்தாலும் நடக்காது.

"11,999-லிருந்து" என்ற அந்த "இலிருந்து"வை ஒரு முறை உற்றுப் பாருங்கள் ஐயா. அது மிகக் குறைந்த ரேம், வைஃபை மட்டும் உள்ள மாடல். பல சமயம் குறிப்பிட்ட பேங்க் கார்டு தள்ளுபடியையும் கழித்த விலை. சிம் போடுகிற மாடல் தனி, 128 ஜிபி தனி. உங்களுக்குத் தேவையானதைச் சேர்த்துக் கூட்டினால் பதினைந்தாயிரத்தைத் தொடும். உங்கள் மகன் கைதட்டியது ஒரு மாடலுக்கு, நீங்கள் வாங்க வேண்டியது வேறு மாடல்.

இனி ஸ்டிக்குக்கு வருகிறேன். இது உங்கள் வீட்டுக்கு உண்மையிலேயே பொருத்தமான சாமான். 2017 டிவியில் ஆப் திறக்காததற்கு டிவியின் திரை காரணமில்லை. உள்ளே இருக்கும் சின்ன கம்ப்யூட்டர் கிழடு தட்டிவிட்டது, கம்பெனி அதற்கு அப்டேட் அனுப்புவதை நிறுத்தியிருக்கும். கண் நன்றாக இருக்கிறது, காதுதான் மந்தம். ஸ்டிக் வைப்பது காதுக்கு மெஷின் வைப்பது போல. இதற்காக டிவியையே மாற்றச் சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள்.

உங்கள் டிவி ஃபுல் எச்டி என்பதால் 4கே ஸ்டிக்குக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. சாதா எச்டி ஸ்டிக்கே போதும். விலை வித்தியாசம் ஐந்நூறு ரூபாய்க்குள் இருந்தால் மட்டும் 4கே வாங்குங்கள், அதில் வேகம் சற்றுக் கூடுதலாக இருக்கும். கரண்டுக்கு டிவியின் யூஎஸ்பி துளையை நம்பாமல் கூடவே வரும் அடாப்டரைப் பிளக்கில் செருகுங்கள். டிவியின் யூஎஸ்பி போதிய கரண்ட் தராமல் ஸ்டிக் அடிக்கடி அணைந்து எழும், நாம் ஸ்டிக் கெட்டுவிட்டது என்று நினைப்போம்.

நெட் விஷயத்தில் ஒரு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை தின்னும். அம்மா தினம் மூன்று மணி நேரம் பார்த்தால் 9 ஜிபி, மாதத்துக்கு 270. போன் ஹாட்ஸ்பாட்டில் தினம் 2 ஜிபி வைத்துக்கொண்டு இதைச் சமாளிக்க முடியாது. வீட்டுக்கு ஃபைபர் நெட் வந்திருந்தால் மட்டும் ஸ்டிக் வாங்குங்கள்.

ஸ்டிக்கின் ஆயுள் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மாப்பிள்ளையின் கேள்வி இங்கேயும் இருக்கிறதே. 2015-ல் வந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட்கள் 2025 மார்ச் 9-ஆம் தேதி வாக்கில் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலை செய்யாமல் போயின. சாதனம் எதுவும் கெடவில்லை. அதை நம்பலாம் என்று சொல்லும் டிஜிட்டல் சான்றிதழின் பத்து வருஷ ஆயுள் முடிந்துபோயிருந்தது. புதுப்பிக்க மறந்திருந்தார்கள். சில நாளில் கூகுள் சரிசெய்தது. ஆனால் பதற்றத்தில் ஃபேக்டரி ரீசெட் போட்டவர்கள்தான் அதிகம் அவதிப்பட்டார்கள். இந்த மாதிரிச் சாமான் நம் வீட்டில் இருந்தாலும் அதன் உயிர் கம்பெனியிடம்தான் இருக்கிறது. அந்தக் குரோம்காஸ்ட் வரிசையையே 2024 ஆகஸ்டில் நிறுத்திவிட்டு, 99.99 டாலருக்கு வேறு பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். முப்பத்தைந்து டாலர் எங்கே, இது எங்கே என்று அப்போதும் ஜனங்கள் முகம் சுளித்தார்கள். ஆகவே பேர் தெரிந்த கம்பெனி ஸ்டிக்காக வாங்குங்கள். நான்கைந்து வருஷம் ஓடினால் வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பின்குறிப்புக்கு ஒரே சொல்: வேண்டாம். அந்த வகைப் பாக்ஸ்களில் பல, பெட்டியைப் பிரிக்கும் முன்பே உள்ளே நச்சு மென்பொருளோடு வருகின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ பேட்பாக்ஸ் 2.0 என்ற அந்த நச்சு வலையின் பெயரைச் சொல்லியே பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த மாதம் கூகுள் வழக்குப் போட்டபோது, ஒரு கோடிக்கும் மேற்பட்ட கருவிகள் அதில் சிக்கியிருப்பதாகச் சொன்னது. உங்கள் வீட்டு நெட்டை எங்கோ இருக்கும் திருடன் தன் முகமூடியாகப் பயன்படுத்துவான். போலீஸ் தேடி வந்தால் உங்கள் வாசலுக்குத்தான் வரும். பென்ஷன் கணக்கைத் திறக்கும் போனும் அதே வைஃபையில்தானே இருக்கிறது? புதுப் படத்தை உரிமையில்லாமல் இலவசமாகக் காட்டுவது சட்டப்படி குற்றம் என்பதைத் தலைமையாசிரியருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் தீர்ப்பு இது. வீட்டில் ஃபைபர் நெட் இருந்தால் ஸ்டிக்கை இப்போதே வாங்கலாம். புதிதாக அறிவித்ததுதான் வேண்டும் என்றில்லை, போன வருஷத்து எச்டி ஸ்டிக் தள்ளுபடியில் கிடைத்தாலும் சரி. அம்மாவின் சீரியல் பிரச்சினை அதோடு தீர்ந்தது. டேப்பை முன்பதிவு செய்யாதீர்கள். இரண்டு மூன்று மாதம் போகட்டும், வாங்கினவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று காதில் விழும். "சூப்பர்", "வேஸ்ட்" என்பதை எல்லாம் தள்ளிவிட்டு, மெதுவாகிறதா, சார்ஜ் நிற்கிறதா, அப்டேட் வந்ததா என்று பேசுகிறவர்களை மட்டும் கேளுங்கள். விலையும் அதற்குள் இறங்கலாம், பண்டிகைத் தள்ளுபடியில் ஆரம்ப விலைக்கே மேல் மாடல் கிடைப்பது சகஜம். 6 ஜிபி ரேம், 128 ஜிபி சேமிப்பு, 1920-க்கு 1200 திரை, எல்1, ஆண்ட்ராய்டு அப்டேட் இத்தனை வருஷம் என்று கம்பெனி எழுத்தில் சொல்லியிருப்பது. இதில் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்பக்கக் கேமரா, "4+4", 90 ஹெர்ட்ஸ் எல்லாவற்றையும் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். பேத்தி கையில் அது நான்கு வருஷம் ஓட வாய்ப்புண்டு.

மறக்காமல் இருநூறு முந்நூறு ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டும் வாங்குங்கள். 11 அங்குல டேப் அரைக் கிலோ இருக்கும். படுத்துக்கொண்டு பழைய படம் பார்க்கும்போது கண் அசந்தால் நேராக மூக்கின் மேல் விழும். எனக்கு விழுந்திருக்கிறது.

ஸ்டிக் வாங்கக் கிளம்பும் முன் டிவியின் பின்பக்கம் டார்ச் அடித்து, எச்டிஎம்ஐ துளை ஒன்றாவது காலியாக இருக்கிறதா, சுவரை ஒட்டி மாட்டியதில் ஸ்டிக் நுழைய இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கேபிள் பெட்டி ஒன்றைப் பிடித்திருக்கும். மற்றதும் அடைந்திருந்தால் எழுதுங்கள், அதற்கு வேறு வழி சொல்கிறேன்.